நாணயத்தின் விலை என்ன?

இல்லறத்தார்க்கு உரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் கொல்லாமையைப் பற்றி நாம் மிகுதியாகப் பேசுகிறோம். கள்ளாமையைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறோம். பிறர் வீட்டில் கன்னமிட்டவர் நம்முள் எவரும் இலர். ஆதலால் அவ்விரதம் தானாகவே நிறைவேறிவிட்டதாக எண்ணி அமைதி கொள்கிறோம். மிகுபொருள் விரும்பாமையோ செல்வர்க்குச் சொல்லப்பட்டது என்று ஒதுக்கிவிடுகிறோம். இவ்விரண்டு விரதங்களும் ஒரு சிறு வெள்ளி வட்டத்தின்மேல் ஒருங்கே வந்து நின்ற செய்தியொன்றை இங்கே ஆராய விரும்புகிறேன். அவ்வட்டம் ஒரு நாணயம். அதிலும், சேகரிப்போர் பெரிதும் நாடும் புரூஃப் நாணயம்.

புரூஃப் என்னும் சொல்லை நம் சகோதரிகள் பலர் கேட்டிருக்கமாட்டார்கள். நாம் கடையில் கொடுத்து வாங்கும் நாணயங்கள் பொறியில் மிக விரைவாக அடிக்கப்படுகின்றன. அடித்தவுடன் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொட்டியில் விழுகின்றன. சாக்கில் கட்டப்படும்போதே கீறலும் தழும்பும் பெற்றுவிடுகின்றன. புரூஃப் நாணயம் அவ்வாறன்று. அதற்குரிய அச்சைத் தனியே மெருகிடுவர், தகட்டையும் மெருகிடுவர், ஒரு முறைக்கு மேற்பட்டு அழுத்தி அடித்து, கையுறை அணிந்த கையால் எடுத்துப் பேழையில் வைப்பர். அதன் வெளி கண்ணாடி போல் பளபளக்கும். அதன்மேல் உள்ள உருவம் பனி படர்ந்தாற்போல் வெண்மையாக நிற்கும். அச்சு சரியாக அமைந்துள்ளதா என்று சோதித்துப் பார்க்க அடிக்கப்பட்டதால் அப்பெயர் வந்தது. பிற்காலத்தில் சேகரிப்போர்க்கென்றே அடித்து விற்கலாயினர். புரூஃப் என்பது அடிக்கும் முறையின் பெயரேயன்றித் தரத்தின் பெயரன்று. புளி போட்டு விளக்கிக் கெடுத்துவிட்ட புரூஃப் நாணயமும் புரூஃப் நாணயமே, விலைதான் போய்விடும். (நம் வீடுகளில் வெள்ளியைக் கண்டால் கை தானாகவே புளிப்பானைக்குப் போகும். சேகரிப்போர் இதைக் கேட்டால் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்கள்.)

1969-ஆம் ஆண்டு காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி இருபது காசு, ஐம்பது காசு, ஒரு ரூபாய், பத்து ரூபாய் ஆகிய நாணயங்களை நம் அரசு வெளியிட்டது. பத்து ரூபாய் நாணயம் வெள்ளியால் ஆனது. எடை 15 கிராம். அதில் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. அது ஏராளமாக அடிக்கப்பட்டது. நாடெங்கும் பல வீடுகளில் பெட்டிக்குள் இன்றும் உள்ளது. அதே உருவில், அதே எடையில், பம்பாய் நாணயச் சாலை சேகரிப்போர்க்காகப் புரூஃப் வகையையும் அடித்தது. அதில் ‘பி’ என்னும் சிறு எழுத்து இருக்கும். நகரின் பெயர் மும்பை என மாறிய பின்னர் அவ்வெழுத்து ‘எம்’ ஆயிற்று. அச்சாலையின் சாதாரண நாணயங்களில் வைரக் குறியும், ஐதராபாத்து நாணயங்களில் விண்மீன் குறியும், நொய்டா நாணயங்களில் புள்ளியும் உண்டு. கல்கத்தா நாணயங்களில் குறியே இராது. எறும்பின் தலையளவுள்ள இக்குறிகளைக் கொண்டுதான் ஒரு நாணயம் எடைக்குப் போவதா, பேழைக்குப் போவதா என்பது முடிவாகிறது.

குறி மட்டுமன்று, பிழையும் விலை பெறும். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் 1911-ஆம் ஆண்டு ரூபாயில், அவர் அணிந்த அங்கியில் இருந்த யானையின் துதிக்கையும் வாலும் குறுகிப் பன்றியைப் போல் தோன்றின. மக்கள் மனம் புண்பட்டதால் அரசு அந்நாணயத்தைத் திரும்பப் பெற்று, மறு ஆண்டு யானையைத் திருத்தி வெளியிட்டது. திருத்திய ரூபாய் எளிதாகக் கிடைக்கிறது. திருத்தாத ரூபாயைத் தேடி அலைகிறார்கள். வெள்ளியில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. ஆக, விலை என்பது பொருளில் உள்ளதா, பொருளைப் பார்க்கும் மனத்தில் உள்ளதா என்னும் வினா இங்கேயே எழுந்துவிடுகிறது.

மனத்தில் உள்ளதை எண்ணால் அளக்க முயன்றவர்களும் உண்டு. அமெரிக்காவில் வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949-ஆம் ஆண்டு அந்நாட்டுப் பழைய செப்புக் காசுகளைத் தரம் பிரிக்க 1 முதல் 70 வரை எண்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை வகுத்தார். தேய்ந்து உருத்தெரியாத காசு ஒரு மடங்கு விலையானால், மாசற்றது எழுபது மடங்கு விலை என்பது அவர் கணக்கு. விலைக் கணக்கு விரைவில் பொய்த்துப் போயிற்று. தர எண்கள் மட்டும் நிலைத்து, இன்று உலகெங்கும் புரூஃப் நாணயங்களுக்கும் அவ்வெண்களையே இடுகிறார்கள். அதே ஷெல்டன், நியூயார்க்கிலுள்ள அமெரிக்க நாணயவியல் கழகத்தின் தொகுப்பிலிருந்து உயர்ந்த காசுகளை எடுத்துக்கொண்டு, அவ்விடத்தில் தம்முடைய தாழ்ந்த காசுகளை வைத்துவிட்டார் என்பது 1977-இல் அவர் இறந்த பின்னரே வெளிப்பட்டது. இவ்வாறு மாற்றப்பட்டவை நூற்றுக்கு மேற்பட்டவை. அளவுகோலை அறிந்த அளவுக்கு ஆசையும் நுண்ணிதாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி நிகழ்ச்சிக்கு வருகிறேன். என்னிடம் ஐந்தாம் வகுப்பில் படித்த இளைஞர் ஒருவர், நம் சமுதாயத்தவர். வந்தவாசிப் பக்கத்திலிருந்து பெற்றோர் பிழைப்புக்காகத் திருப்பூர் வந்தனர். அவர் இங்கேயே வளர்ந்தார். பனியன் கம்பெனியொன்றில் கணக்கு எழுதுகிறார், நாணயம் சேகரிக்கிறார், அணுவிரதமும் ஏற்றுள்ளார். பல்லடத்தை அடுத்த சிற்றூரில், கதர்ப் பணியில் வாழ்நாளைக் கழித்த ஒருவரின் மனைவி, கணவர் மறைந்தபின் வீட்டிலிருந்த பழைய நாணயங்களை விற்க விரும்பினார். அவற்றுள் நூற்றாண்டு விழாவின்போது கணவருக்கு அன்பளிப்பாக வந்த பத்து ரூபாய் நாணயமும் ஒன்று. “எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க தம்பி, வெள்ளி வெலை போட்டுக் குடுத்துருங்க” என்றாராம். இளைஞர் அன்றைய வெள்ளி விலையைக் குறையாமல் கொடுத்து வாங்கி வந்தார். வாங்கும்போதே அதிலிருந்த ‘பி’ எழுத்தையும் கண்ணாடி வெளியையும் கண்டுகொண்டார். சேகரிப்போரிடையே அதற்குப் பன்மடங்கு விலை உண்டு.

ஒரு மாதம் கழித்து என்னிடம் வந்து கேட்டார்: “டீச்சர், நான் பொய் சொல்லலைங்க. எடையில குறைக்கலை. அவங்க கேட்ட விலையைத்தான் கொடுத்தேன். இது களவாகுமா?”

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாஸ்வாமி ஆசாரியர் கள்ளாமை விரதத்துக்கு நேரும் வழுக்கள் ஐந்தினைக் கூறுகிறார்: பிறரைத் திருடத் தூண்டுதல், திருடிய பொருளை வாங்குதல், அரச நெறியை மீறி வாணிபம் செய்தல், நிறையிலும் முகத்தலிலும் ஏமாற்றுதல், போலியை மெய்யெனக் கலந்து விற்றல். இவ்வைந்தனுள் எதிலும் இளைஞரின் செயல் நேராக அடங்கவில்லை. அவர் அமைதி கொள்ள இதுவே போதும் என்று சிலர் கூறலாம். ஆயின் இவ்வைந்தும் விரதத்தின் எல்லையோரத்துக் குழிகள், விரதமே இவையல்ல. விரதத்தின் உயிர், கொடாததைக் கொள்ளாமை. அங்கேதான் நாம் கேட்க வேண்டும்: அவ்வம்மையார் எதைக் கொடுத்தார்?

அவர் பதினைந்து கிராம் எடையுள்ள ஒரு வெள்ளித் துண்டைக் கொடுத்தார். இளைஞர் கொண்டது பம்பாய்ச் சாலையின் புரூஃப் நாணயம். ஒருவர் தாம் அறிந்ததையே கொடுக்க முடியும். அறியாததை அவர் கையிலிருந்து நாம் பெற்றோமானால், கை கொடுத்திருக்கலாம், மனம் கொடுக்கவில்லை. மனம் கொடாததைக் கொள்வது கொடாததைக் கொள்வதே. இஃது என் தெளிந்த கருத்து. சட்டம் இதனைக் குற்றம் என்று சொல்லாது. விரதம் சட்டத்தைவிட நுண்ணிய சல்லடை.

இளைஞர் எளிதில் விட்டுவிடவில்லை. நல்ல மாணாக்கர் விடமாட்டார்கள். முதலில், “நான் பத்து ஆண்டுகள் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொண்டேன், அந்த அறிவுக்குக் கூலி கிடையாதா?” என்றார். உண்டு என்றேன். மருத்துவர் தம் அறிவுக்குக் கூலி பெறுகிறார். பொன்னை உரைத்துப் பார்ப்பவரும் பெறுகிறார். ஆனால் அக்கூலியைத் தருபவர் இன்னதற்குத் தருகிறோம் என்று அறிந்து தருகிறார். ‘இஃது அரிய நாணயம்; இன்ன விலை பெறும்; விற்றுத் தருகிறேன்; எனக்கு இவ்வளவு வேண்டும்’ என்று சொல்லியிருந்தால் அது கூலி. சொல்லாமல் எடுத்துக்கொண்டது கூலியாகாது.

அடுத்து அவர் கூறியது ஆழமானது. “டீச்சர், நீங்களே சொல்றீங்க, வெள்ளியில வேறுபாடு இல்லைன்னு. அந்த விலை நாலு பேர் மனசுல இருக்கிற ஆசைதானே? இல்லாத ஒன்றை நான் எப்படித் திருட முடியும்?” இதற்கு உடனே விடை கூற எனக்கு இயலவில்லை, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னேன்.

நம் அநேகாந்த நெறி இங்கே துணை செய்யும். உலோக நோக்கில் அந்நாணயம் பன்னிரண்டு கிராம் வெள்ளி. அரசின் நோக்கில் பத்து ரூபாய். சேகரிப்போர் நோக்கில் அரும்பொருள். அவ்வம்மையாரின் நோக்கில் கணவரின் நினைவு. ஒவ்வொன்றும் ஒரு நயத்தால் உண்மை. எதுவும் முழு உண்மை அன்று. ஆயின் ஒரு நயத்தில் நின்று வாங்கி, மற்றொரு நயத்தில் நின்று விற்பது அநேகாந்தம் ஆகாது. வாங்கும்போது விலை வெறும் ஆசை, மாயை. விற்கும்போது மட்டும் அஃது உண்மை என்றால், நாம் நயங்களைப் பற்றிப் பேசவில்லை. நம் ஆதாயத்தைப் பற்றிப் பேசுகிறோம். விலை பொய்யென்று நம்புபவர், வெள்ளி விலைக்கே அதைப் பிறருக்குக் கொடுத்துவிடட்டும். இதைக் கூறியபோது அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு நின்றது.

நம் சமயத்தவர் ஒருவரின் வரலாறு இவ்விடத்தில் நினைக்கத் தக்கது. காந்தியடிகள் 1891-ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்தபோது பம்பாயில் சந்தித்துத் தம் ஆன்மிகத் துணையாகக் கொண்ட ஸ்ரீமத் ராஜசந்திரர் (1867-1901), தொழிலால் மணி வணிகர். முத்துக்கும் வைரத்துக்கும் விலை மதிப்பவர். ஒரு வணிகர் குறித்த நாளில் குறித்த விலைக்கு மணிகளைத் தருவதாக அவரிடம் எழுதிக் கொடுத்திருந்தார். அதற்குள் விலை மிக ஏறிவிட்டது. கொடுத்தால் அவர் குடும்பமே அழியும். ராஜசந்திரர் தாமே சென்று அந்தப் பத்திரத்தைக் கிழித்தெறிந்தார் என அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். வேறொரு சமயம், அராபிய வணிகர் ஒருவர் தமையனைக் கேளாமல் முத்துகளைக் குறைந்த விலைக்கு விற்றுவிட்டுப் பின்னர் அஞ்சி வந்து நின்றபோது, பிரிக்காத பொதியாக அப்படியே திருப்பிக் கொடுத்தார் என்றும் கூறுவர். முன்னது கருணை, அதை எல்லாரிடமும் எதிர்பார்க்க இயலாது. பின்னது நம் நிகழ்ச்சிக்கு நெருங்கிய உறவு. மதிப்பறியும் தொழிலில் இருந்தவரே மதிப்பறியாதவரிடம் பெற்றதைத் திருப்பினார் என்பதைத்தான் நான் இளைஞருக்குச் சுட்டிக் காட்டினேன். நாணயத்தில் உருவம் பொறிக்கப்பட்ட காந்தியடிகள் யாரை வழிகாட்டியாகக் கொண்டாரோ, அவருடைய வழக்கம் இது.

இளைஞர் அவ்வூருக்குச் சென்று உண்மையைச் சொன்னார். கதை இங்கே இனிதே முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அவ்வாறு முடியவில்லை. அதுவரை அப்பெட்டியைத் திரும்பியும் பாராத மக்கள் இருவரும், விலையைக் கேட்டவுடன் அந்நாணயத்துக்கு உரிமை கொண்டாடத் தொடங்கினர். மூத்தவர் ஏலத்தில் விற்க வேண்டும் என்றார். இளையவர் தந்தையின் நினைவுப் பொருளை விற்பதா என்றார். அவர் விலை ஏறட்டும் என்றே சொல்கிறார் என்பது மூத்தவரின் ஐயம். அம்மையார் இளைஞரைப் பார்த்து, “நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாமுங்க தம்பி” என்றாராம். பற்றில்லாதிருந்த வீட்டில் உண்மை பற்றை விதைத்துவிட்டது. இதனைக் கேட்டபின் பல நாள் எனக்கும் மனம் ஒருப்படவில்லை. எனினும் சொன்னது சரியே என்று இன்றும் கருதுகிறேன். அவர்கள் பற்றுக்கொள்ளாமல் இருந்தது துறவினால் அன்று, அறியாமையினால். பிறருடைய அறியாமையை அவர்களுக்கு அறமாகக் காத்துத் தருகிறேன் என்று சொல்லி அதன் பயனை நாம் எடுத்துக்கொள்வதைவிட வஞ்சகமான வாதம் வேறில்லை. வணிகர் மட்டுமன்று, பெரிய பெரிய அரசுகளே அந்த வாதத்தைக் கூறி ஆண்டிருக்கின்றன.

இனி மிகுபொருள் விரும்பாமை. இளைஞர் தம் சொத்துக்கு எல்லை வகுத்து விரதம் ஏற்றவர். நிலம், வீடு, பொன், வெள்ளி, தானியம், பாத்திரம் என்று பட்டியலிட்டு இவ்வளவுக்கு மேல் கொள்ளேன் என்று உறுதி செய்வது நம் மரபு. அப்பட்டியலில் நாணயங்களை எவ்விலைக்கு எழுதுவது? அவர் இதுவரை முகவிலைக்கு எழுதி வந்தாராம். பத்து ரூபாய் நாணயம் பத்து ரூபாய்! முகவிலைக்கு எழுதினால் ஒரு பேழை நிறைய அரும்பொருள் வைத்திருப்பவரும் ஏழையாகலாம். சந்தை விலைக்கு எழுதலாமென்றால், அஃது ஆண்டுதோறும் ஏறியிறங்கும்; சந்தை ஏறியதால் விரதம் முறிந்தது, இறங்கியதால் கூடியது என்பது நகைப்புக்கிடமாகும்.

உமாஸ்வாமி ஆசாரியர் பரிக்கிரகத்தைப் பொருளில் வைக்கவில்லை; பொருளின்மேல் மனம் கொள்ளும் மயக்கத்தில் வைத்தார். ஆகவே நான் கூறிய வழி இது: ஒருவர் வந்து கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு கொடுத்தாலும் தரமாட்டேன் என்று உங்கள் மனம் எந்தத் தொகைவரை மறுக்கிறதோ, அந்தத் தொகையை எழுதுங்கள். சந்தை ஐந்நூறு தருகிறது, நீங்கள் ஐயாயிரம் வரை மறுப்பீர்கள் என்றால், உங்களிடம் உள்ளது ஐயாயிரம். இக்கணக்கை வேறு எவரும் சரிபார்க்க முடியாது என்பது குறையாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாமாயிகத்தில் அமரும்போது நாம் எழுதும் கணக்குகள் யாவும் இத்தகையனவே.

பகவான் மகாவீரரின் 2600-ஆவது ஜன்ம கல்யாணகத்தையொட்டி 2001-ஆம் ஆண்டு நம் அரசு ஐந்து ரூபாய் நாணயமும் நூறு ரூபாய் வெள்ளி நாணயமும் வெளியிட்டது. ஸ்ரீமத் ராஜசந்திரரின் 150-ஆவது ஆண்டையொட்டி 2017 ஜூன் 29 அன்று சபர்மதி ஆசிரமத்தில் 150 ரூபாய் நாணயம் வெளியாயிற்று. 2024 ஏப்ரல் 21, மகாவீர ஜயந்தி நாளில், 2550-ஆவது நிர்வாண விழாவுக்கென தில்லியில் மேலும் ஒரு நாணயம் வெளியிடப்பட்டது. நூறு ரூபாய், நூற்றைம்பது ரூபாய் நாணயங்கள் புழக்கத்துக்கு வருவன அல்ல. முன்பணம் செலுத்திப் பதிவு செய்து, முகவிலையைப் போலப் பன்மடங்கு கொடுத்து வாங்க வேண்டும். ஆடையையும் துறந்த அண்ணலின் பெயரால், எதையும் வாங்கப் பயன்படாத, கைவிரல் பட்டாலே கெடுகிற காசு ஒன்றை அடித்துக் கண்ணாடிச் சிமிழில் அடைத்து வைக்கிறோம். நம் இல்லங்களில் இதனைப் பூசை அறையில் வைத்திருப்போர் உண்டு. வைத்திருப்பதைக் குற்றம் என்று நான் கூறவில்லை. ஆனால் அதனை விரதப் பட்டியலில் எழுதியவர் எவரையும் நான் இன்னும் கண்டதில்லை. பக்தி என்று பெயரிட்டால் பொருள் பொருளாகாமல் போய்விடுமா?

சேகரிப்பதே தீது என்று முடிவு கட்டுவோரோடும் எனக்கு உடன்பாடில்லை. கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த, மாக்கோதை, குட்டுவன் கோதை எனப் பெயர் பொறித்த சேரர் வெள்ளி நாணயங்களைச் சேகரித்து ஆராய்ந்து நூல் எழுதியவர்கள் இல்லையெனில், அவை உருக்குக் கடையில் கொலுசாகியிருக்கும். நம் முன்னோரும் சேகரித்தவர்களே. சீவக சிந்தாமணி ஏடுகளைத் தலைமுறைகளாகக் காத்தவர்கள் நம் சமணக் குடும்பத்தார்; உ. வே. சாமிநாதையர் கேட்டபோது ஏடும் கொடுத்துப் பொருளும் விளக்கினர். 1887-இல் அந்நூல் அச்சேறியது. அவர்கள் ஏட்டை வைத்திருந்தார்கள். ஏட்டில் இருந்ததை வைத்துக்கொள்ளவில்லை. புரூஃப் நாணயத்தில் வரலாறு குறைவு, மெருகு மிகுதி. எனவே அதைக் காப்பதன் பயனும் அவ்வளவே என்பது என் எண்ணம். இளைஞர் இதை ஒப்பவில்லை.

இன்னொன்றையும் நம் குடும்பத்தார்க்குச் சொல்ல வேண்டியுள்ளது. பழைய ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நாணயங்களுக்கு இலட்சக்கணக்கில் தருவதாக விளம்பரம் வருகிறது. முதலில் பதிவுக் கட்டணம், வரி, தரகு என்று நம்மிடமே பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுகிறார்கள். பழைய நாணயங்களை வாங்குவதோ விற்பதோ தன் பணி அன்று என்றும், அதற்காகக் கட்டணம் பெற எவருக்கும் தான் அதிகாரம் தரவில்லை என்றும் ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிவித்துள்ளது. இதில் ஏமாறுவோர் பெரும்பாலும் முதியோர்.

அந்தப் பத்து ரூபாய் நாணயம் இப்போது இளைஞரிடம்தான் இருக்கிறது. மக்கள் இருவரும் ஒரு முடிவுக்கு வரும்வரை அவரிடமே இருக்கட்டும் என்று அம்மையார் சொல்லிவிட்டார். வெள்ளி விலையாகப் பெற்ற பணத்தையும் திருப்பித் தந்துவிட்டார். தமதல்லாத ஒன்றை விரதப் பட்டியலில் எழுத வேண்டுமா என்று சென்ற வாரம் இளைஞர் கேட்டார். அதை எடுத்துப் பார்ப்பது உண்டா என்று நான் கேட்டேன். ஞாயிறுதோறும் எடுத்துப் பார்ப்பதாகச் சொன்னார். எழுதிவிடச் சொன்னேன்.